பக்கத்தில் உட்கார்ந்து கற்ற தொழில்

ஊர் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் சென்னையில் ஒரு கூட்டம் வேலைக்குக் கிளம்பும். பெருங்குடி, தரமணி, கிண்டி, அம்பத்தூர் பக்கம் மாலையில் நின்று பார்த்தால் அவர்களை ஏற்றிக்கொண்டு வரும் கேப்களையும் வேன்களையும் பார்க்கலாம். அவர்களில் கணிசமானவர்கள் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போடுகிறவர்கள். பொதுவாக மெடிக்கல் பில்லிங் என்பார்கள், அதற்குள் ஏ.ஆர். காலிங் என்பது எங்கள் பிரிவு. அங்கே ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு க்ளெய்ம் அனுப்புவார். கம்பெனி பணம் தர மறுக்கும், அல்லது குறைத்துத் தரும், அல்லது பதிலே சொல்லாது. ஏன் என்று கேட்டுப் பணத்தை வரவழைப்பது சென்னையில் ராத்திரி கண் விழித்திருக்கும் ஒரு பிள்ளையின் வேலை.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நானும் காலராக இருந்து வந்தவள்தான். பி.எஸ்சி. விலங்கியல், பி.காம்., பி.ஃபார்ம். படித்தவர்கள் வருவார்கள், இன்ஜினியரிங் முடித்துவிட்டு எங்கும் அமையாதவர்கள் வருவார்கள். ஆரணி, விழுப்புரம், அரக்கோணம், திருவண்ணாமலை என்று ஊர் விட்டு வந்து துரைப்பாக்கத்தில் பி.ஜி. ஹாஸ்டலில் தங்கியிருப்பார்கள். ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்ற ஒன்றையே வீட்டில் பார்த்திராத பிள்ளைக்கு, அமெரிக்க அரசின் மெடிகேர் இன்ஷூரன்ஸ் என்றால் என்ன, டிடக்டிபிள் என்றால் என்ன, முதல் இன்ஷூரன்ஸ் எது இரண்டாவது எது என்று ஆரம்பிக்க வேண்டும். சி.எம்.எஸ். 1500 என்ற படிவத்தில் 33 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் என்ன வரும் என்று தெரிய வேண்டும். பணம் மறுத்ததற்குக் காரணம் சொல்லும் டினையல் கோடுகள் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. சி.ஓ. 16 என்றால் க்ளெய்மில் ஏதோ தகவல் குறைகிறது, சி.ஓ. 22 என்றால் வேறொரு இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டியது, சி.ஓ. 29 என்றால் கெடு தாண்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுத்தும் இருக்கிறோம். ஆனால் யாரும் வகுப்பில் காலர் ஆனதில்லை. வகுப்பு முடிந்ததும் ஃப்ளோருக்கு அனுப்புவோம். ஒரே போனில் இரண்டு ஹெட்செட் மாட்டுவதற்கு ஒய் எழுத்து வடிவத்தில் ஒரு வயர் உண்டு, ஒய் கார்டு என்போம். சீனியர் பேசுவார், புதியவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காதில் மாட்டிக் கேட்பார். எல்லாம் அங்கேதான் நடந்தது.

அதிலும் குறிப்பாக ஹோல்டில். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால் உடனே ஆள் கிடைக்காது; அந்த ஆளை ரெப் என்போம். ஐ.வி.ஆர். என்ற இயந்திரக் குரலின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்தால் பாட்டுப் போட்டுவிடுவார்கள். சில பேயரில், அதாவது சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில், அரை மணி நேரம் அந்தப் பாட்டுத்தான். அந்த அரை மணி நேரத்தில் சீனியர் சும்மா இருக்க மாட்டார். "இந்தக் கம்பெனியில ரெப் சரியா பதில் சொல்லலைன்னா சண்டை போடாத, வெச்சிட்டு வேற ரெப் கிட்ட போ." "இவங்ககிட்ட ஒரு கால்ல மூணு க்ளெய்ம்தான் கேக்க விடுவாங்க, பெரிய தொகையை முதல்ல கேளு." "நோட்ஸ்ல 'ரெப் சொன்னார்'னு மட்டும் எழுதாத, பேரைப் போடு." இப்படி எந்த ஸ்லைடிலும் இல்லாத சங்கதிகள். நடுவே சொந்த ஊர்க் கதை, கேன்டீன் சாம்பார் பற்றிய வசை, எந்த டீம் லீடிடம் லீவு கேட்டால் கிடைக்கும் என்கிற ரகசியம். பாட்டு நின்றதும் சீனியரின் குரல் மாறும். ஆரணிப் பேச்சு ஒரே நொடியில் அமெரிக்க ஆபீஸ் பேச்சாகிவிடும். அந்த மாற்றத்தை அருகிலிருந்து பார்ப்பதே புதியவருக்குப் பெரிய பாடம். நம்மைப் போன்ற ஒருவர்தான் இப்படிப் பேசுகிறார் என்ற தைரியம் அதில் வரும்.

2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில், இதெல்லாம் நின்றது.

வீட்டிலிருந்து வேலை என்பது எங்கள் தொழிலில் அதுவரை எளிதான காரியமாக இருந்ததில்லை. கால் சென்டர் வகையைச் சேர்ந்த நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் இருந்தன. வீட்டிலிருந்து பேச வைக்க வேண்டுமானால் பாதுகாப்பு வைப்புத்தொகை, தனி இணைப்பு என்று பல நிபந்தனைகள். அந்த மார்ச்சில் துறை அவற்றைத் தளர்த்தியது. நவம்பரில் புதிய விதிமுறைகளே வந்துவிட்டன. அதோடு அமெரிக்க க்ளையன்ட்டின் ஒப்புதலும் வேண்டும். நோயாளியின் விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டம் 1996இலிருந்து இருக்கிறது. எங்கள் ஃப்ளோரில் பேப்பர், பேனா, செல்போன் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட ஃப்ளோரின் கம்ப்யூட்டர்களைக் கழற்றி, ஆட்களை ஏற்றி வந்த அதே கேப்களில் ஏற்றி வீடு வீடாக அனுப்பினார்கள்.

நான் எடுத்த முதல் ஆன்லைன் வகுப்பு புதியவர்களுக்கு அல்ல, பழையவர்களுக்கு. அமெரிக்காவில் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தார்கள்; டாக்டர்கள் நோயாளிகளை வீடியோவில் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்த்ததற்கு எப்படி பில் போடுவது என்பது வாரத்துக்கு வாரம் மாறியது. தொலைமருத்துவத்துக்கு இடக் குறியீடு 02 என்றிருந்ததை மாற்றி, மார்ச் இறுதியில் மெடிகேர், நேரில் பார்த்திருந்தால் என்ன குறியீடு வருமோ அதையே போட்டு 95 என்ற மாடிஃபையரைச் சேர்க்கச் சொன்னது. தனியார் பேயர்கள் ஆளுக்கொரு விதம். பத்து நிமிடம் பேசி ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினால் போதுமாக இருந்தது. இதே மாதிரி விதி மாற்றங்களுக்கு முன்பெல்லாம் ஷிஃப்ட் நடுவில் டீம் டீமாக எழுப்பி ஹாலுக்குக் கூட்டிப் போய், ப்ரொஜெக்டர் வேலை செய்யாமல், ஒரு மணி நேரம் போகும். விதி மாற்றத்துக்கு ஹால் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நேரடி வகுப்புக்காக நான் கண்ணீர் விடமாட்டேன்.

கஷ்டம் புதியவர்களை எடுக்க ஆரம்பித்தபோதுதான். மேலிடத்திலிருந்து வந்த யோசனை எளிமையானது: அதே ஸ்லைடு, அதே நேர அட்டவணை, ஹாலுக்குப் பதில் லிங்க். எட்டு மணி நேரம் ட்ரெய்னர் பேசுவார், பேட்ச் கேட்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்று சொன்னார்கள். ஹாலில் எட்டு மணி நேரம் இருந்தாலும் நான் பேசியது மூன்று மணி நேரம்கூட இருக்காது என்பது எனக்குத் தெரியும். மீதி நேரம் என்ன நடந்தது? பின் பெஞ்சுப் பையன் முன் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, டீ குடிக்கப் போன இடத்தில் ஒருவர் மற்றவருக்கு டிடக்டிபிளை விளக்கியது, நான் யார் தோளுக்குப் பின்னாலோ நின்று எட்டிப் பார்த்தது. அட்டவணையில் இவை எதுவும் இல்லை. அட்டவணையை மட்டும் நெட்டில் ஏற்றினால் இவை எதுவும் கூடவே வராது.

அதனால் பாடத்திட்டத்தைப் பிரித்துப் போட்டோம். தனியாகப் படித்தால் புரியக்கூடியது எது, ஆள் சொன்னால்தான் புரியும் எது, கையால் செய்தால்தான் வரும் எது என்று மூன்று குவியல். முதல் குவியலைச் சின்னச் சின்ன வீடியோவாக்கினோம். எங்கள் ஸ்டூடியோ என் படுக்கையறை. பக்கத்து வீட்டு நாய் தூங்கும் நேரம்தான் ரெக்கார்டிங் நேரம். ஸ்லைடில் இருப்பதையே வாசிக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். திரையில் படிவம் இருக்கும், நான் அதைப் பற்றிப் பேசுவேன், வாக்கியங்கள் இருக்காது. படிப்பதும் கேட்பதும் ஒரே வாசகமாக இருந்தால் மூளை இரண்டுக்கும் நடுவில் திண்டாடும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் போன்றவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். நாமே எத்தனை கூட்டங்களில் அப்படி உட்கார்ந்திருக்கிறோம்.

மொழி விஷயத்திலும் ஒரு முடிவு எடுத்தேன். ஹாலில் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பேன், முகங்களைப் பார்த்துத் தமிழுக்கு வருவேன். வீடியோவில் முகம் இல்லை. ஆகவே விளக்கம் தமிழில், பேயரிடம் பேச வேண்டிய வாக்கியங்கள் ஆங்கிலத்தில் என்று முதலிலேயே பிரித்துவிட்டேன். ஆங்கிலத்தில் பேசிப் பழகுவார்களே என்று சிலர் ஆட்சேபித்தார்கள். கருத்தைப் புரிந்துகொள்வதும் ஆங்கிலம் பழகுவதும் இரண்டு வேலைகள், ஒரே நேரத்தில் செய்தால் இரண்டும் அரைகுறை என்பது என் கட்சி. இன்றும் அதே கட்சிதான்.

மூன்றாவது குவியலுக்குத்தான் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. மாக் கால் என்போம்: ஒருவர் காலர், ஒருவர் இன்ஷூரன்ஸ் ரெப், இன்னொருவர் கேட்டுக் குறிக்க வேண்டும். வீடியோ கூட்டங்களுக்கு எங்கள் நிறுவனத்தில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மட்டும்தான் அனுமதி. ஜூமைப் பற்றி உள்துறை அமைச்சகமே 2020 ஏப்ரலில் எச்சரித்திருந்தது. செக்யூரிட்டிப் பிரிவு பேச்சுக்கே இடம் தரவில்லை. டீம்ஸில் ஆட்களைச் சின்ன அறைகளாகப் பிரிக்கும் வசதி 2020 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை மூன்று மூன்று பேருக்கும் தனித்தனி மீட்டிங் லிங்க் போட்டு, நான் ஒவ்வொன்றாக நுழைந்து நுழைந்து வெளியே வருவேன். நான் உள்ளே வரும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் எல்லாரும் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஹாலில் சத்தமில்லாமல் பின்னால் போய் நிற்கலாம்.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு எக்செல் ஷீட். எல்லாருக்கும் பொதுவான ஷீட், ஆளுக்கு ஒரு வரிசை. மாக் கால் முடிந்ததும் அந்தக் க்ளெய்முக்கான நோட்ஸை அவரவர் வரிசையில் எழுத வேண்டும். எழுத எழுத எனக்குத் தெரியும். இதை நான் முதலில் வெறும் வசதிக்காகத்தான் போட்டேன். ஹாலில் ஒரு நேரத்தில் ஒரு தோளுக்குப் பின்னால்தான் நிற்க முடியும். இங்கே பேட்ச் முழுவதும் யோசிப்பதை ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது.

சி.ஓ. 29 பயிற்சியைச் சொல்கிறேன். ரெப்பாக நடிப்பவர் சொல்வார்: கெடு முடிந்துவிட்டது, பணம் தர முடியாது. காலர் என்ன செய்ய வேண்டும்? உங்களுக்கு க்ளெய்ம் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்க வேண்டும். உங்கள் கெடு எத்தனை நாள், அது சிகிச்சைத் தேதியிலிருந்து கணக்கா என்று கேட்க வேண்டும். மெடிகேருக்கு சிகிச்சைத் தேதியிலிருந்து ஒரு வருடம். தனியார் கம்பெனிகளில் 90 நாள், 180 நாள் என்று ஆளுக்கொரு கணக்கு. நாங்கள் சரியான நேரத்தில் அனுப்பியதற்கு க்ளெய்மைக் கைமாற்றும் க்ளியரிங் ஹவுஸின் ரசீது இருக்கிறது, அப்பீல் எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று கேட்க வேண்டும். கடைசியில் கால் ரெஃபரன்ஸ் நம்பர். இதெல்லாம் வீடியோவில் இருக்கிறது, தேர்வில் எழுதுவார்கள்.

இப்போது ஷீட்டைப் பாருங்கள். ஒரு வரிசையில் "ரெப் கெடு முடிந்தது என்றார்" என்று இருக்கும், அதோடு கர்சர் நின்றுவிடும். இன்னொரு வரிசையில் க்ளெய்ம் வந்த தேதி விழும், பிறகு அழியும், மறுபடி விழும்: கேட்டாள், ஆனால் கேட்டது சரியா என்று சந்தேகம். மூன்றாவதில் எல்லாம் இருக்கும், ரெஃபரன்ஸ் நம்பர் மட்டும் இருக்காது. எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த அழிந்து அழிந்து விழுந்த வரிசைதான். ஹாலில் இருந்திருந்தால் அவளைக் கவனித்திருக்கவே மாட்டேன், பேசாத பெண். அவள் இருந்தது செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். "ரெப் தேதி சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா என்ன பண்றது மேம்?" என்று எனக்கு மட்டும் தனியாக மெசேஜ் போட்டாள். ரெப்பாக நடித்த பையன் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தான், விளையாட்டுக்கு. உண்மையில் சில ரெப்கள் அப்படித்தான் நழுவுவார்கள். அன்று முழு பேட்ச்சுக்கும் அதுதான் பாடம்.

இந்தத் தனி மெசேஜ்தான் ஆன்லைன் எங்களுக்குத் தந்த பெரிய லாபம் என்பேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் ஹாலில் கை தூக்கவே மாட்டார்கள். முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஆங்கிலம் தப்பாகிவிடும், எதற்கு வம்பு. அதே பிள்ளைகள் எனக்கு இரவு முழுக்க எழுதினார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு. அதற்குப் பதில் எழுதவே இன்னொரு ஆள் தேவைப்பட்டது. கேட்டேன், ஒரு உதவி ட்ரெய்னர் கிடைத்தார். ஒருவர் பேச, ஒருவர் சாட் பார்க்க என்று இரண்டு பேர் இல்லாமல் ஆன்லைன் வகுப்பு எடுக்கச் சொல்கிறவர்கள் அதை எடுத்துப் பார்த்ததில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேமரா விவகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேமராவைக் கட்டாயம் போட வைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் எல்லா மேனேஜர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே அறை வீட்டில் அப்பா தூங்குவார், பின்னால் கொடியில் துணி காயும், தம்பி குறுக்கே நடப்பான். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. டேட்டாவில் வீடியோ ஓடாது. சிக்னலுக்காக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரெமி பெய்லன்சன் 2021இல் வீடியோ கூட்டக் களைப்புக்கு நான்கு காரணம் சொன்னார்: முகத்துக்கு முகம் நெருக்கமான ஓயாத பார்வை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசைய முடியாமை, சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதல் உழைப்பு. ஐந்தாவதாக நம் வீட்டின் வறுமை மற்றவர்களுக்குத் தெரிகிறதே என்ற கூச்சத்தை நான் சேர்ப்பேன். எங்கள் வேலை குரலால் செய்வது. மைக்கைக் கேட்டேன், கேமராவைக் கேட்கவில்லை. அறிமுகம் அன்று மட்டும் ஐந்து நிமிடம் எல்லாரும் முகம் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து ஹிப்பா வகுப்பு எடுப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளியின் விவரத்தை வேறு யாரும் பார்க்கவோ கேட்கவோ கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் யாரோ குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பார்கள். பயிற்சியில் இருப்பதெல்லாம் பொய் நோயாளிகள், பொய்ப் பிறந்த தேதிகள், அதனால் ஆபத்தில்லை. ஆனால் பழக்கம் இங்கேதான் வர வேண்டும். கதவு சாத்தக்கூடிய இடம் யாருக்கு இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுவோம். இல்லாதவர்கள் பயிற்சியை வீட்டில் முடித்தாலும் உண்மையான நோயாளியின் கணக்கைத் தொடும் நாளிலிருந்து ஆபீசுக்கு வர வேண்டும். ஊரடங்குத் தளர்வுக்குப் பிறகு முதலில் ஆபீசுக்கு வந்தவர்களில் இவர்கள் அதிகம்.

இப்போது ஒய் கார்டுக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மாற்று கிடைத்தது. இதற்கு மட்டும் எளிதில் கிடைக்கவில்லை. தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை. சீனியரின் சாஃப்ட்போன் சத்தத்தை டீம்ஸில் பகிரலாம், டீம் லீட் கால்களைக் கேட்கும் மானிட்டரிங் வசதியைப் புதியவர்களுக்கும் திறந்துவிடலாம். எல்லாம் செய்தோம். கால் கேட்டது. ஹோல்டில் பாட்டும் கேட்டது. பாட்டு ஓடும்போது சீனியர் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று கேட்டால் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஒரு சீனியர் மட்டும் சொன்னார்: "மேம், ஃப்ளோர்ல பக்கத்துல ஒரு பையன் உக்காந்திருந்தா பேசாம இருக்க முடியாது. இங்க ஸ்க்ரீன்ல ஒரு பேரு. ஹோல்ட்ல நான் அடுத்த க்ளெய்மைப் படிச்சு வெச்சாதான் இன்னிக்கு டார்கெட் முடியும்." நியாயமான பேச்சு. ஃப்ளோரில் சொல்லிக்கொடுத்தது அவருடைய வேலை விவரத்தில் எங்கும் இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கிற கூச்சத்திலும் நட்பிலும் இலவசமாக நடந்தது. நிறுவனம் அதற்குக் காசு கொடுத்ததே இல்லை, அதனால் அது இருந்ததே நிறுவனத்துக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்பியதும் அது நின்றது. நின்றதும் எந்த ரிப்போர்ட்டிலும் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து, புதியவர்களின் கால் தரம் ஏன் ஏறவில்லை என்று தரம் பார்க்கும் க்யூ.ஏ. பிரிவு கேட்டபோதுதான் வெளியே வந்தது.

ஆபரேஷன்ஸ் பிரிவோடு பல கூட்டங்கள் போட்டு ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டேன்: புதியவரைக் கூட வைத்திருக்கும் நாட்களில் சீனியரின் டார்கெட்டைக் குறையுங்கள், அந்த நேரத்தைக் கணக்கில் எழுதுங்கள். "அவங்க முன்னாடி டார்கெட் குறைக்காமத்தானே சொல்லிக்கொடுத்தாங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பாதித் தொண்டை போயிற்று. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். டார்கெட் குறைந்த வாரத்தில் ஹோல்டில் பேச்சு திரும்ப வந்தது. முன்பு போல இல்லை. கேன்டீன் சாம்பார் இல்லை. ஆனால் எந்தக் கம்பெனியில் என்ன நுணுக்கம் என்பதெல்லாம் வந்தது. சில சீனியர்களிடம் அனுமதி வாங்கி, நோயாளி விவரங்களை நீக்கி, அந்த ஹோல்ட் பேச்சை எழுத்தாக்கி வைத்தோம். அதுதான் இன்று எங்கள் பாடப் பொருள்களிலேயே அதிகம் திறக்கப்படும் ஃபைல்.

2022க்குப் பிறகு பாதி ஆபீஸ், பாதி வீடு என்ற ஏற்பாடு வந்தது. எல்லாரும் வீட்டில் இருந்த காலத்தைவிட இது கடினம். பத்துப் பேர் ட்ரெய்னிங் ரூமில், பத்துப் பேர் வீட்டில், நான் ரூமில். ரூமில் ஒருவன் ஜோக் அடிப்பான், எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டிலிருப்பவர்களுக்குச் சிரிப்பு கேட்கும், ஜோக் கேட்காது. கல்யாண மண்டபத்தில் இலை கிடைக்காமல் வாசலில் நிற்பவர் கதைதான். ட்ரெய்னரின் கண்ணும் தானாகவே எதிரில் இருக்கிற முகங்களுக்குத்தான் போகும். எத்தனை அனுபவம் இருந்தாலும் போகும். ரூம் நடுவில் ஒரு மைக்கும் சுவரில் ஒரு பெரிய டிவியும் வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் சொன்னார்கள். ஏ.சி. சத்தம் நன்றாகக் கேட்டது.

நாங்கள் கடைசியில் இரண்டு விதிகளுக்கு வந்தோம். ஒருவர் வீட்டில் இருந்தாலும் அன்று எல்லாரும் ஆன்லைன். ஆபீசில் இருப்பவர்களும் அவரவர் சீட்டில் அவரவர் ஹெட்செட்டோடு உட்கார வேண்டும், நானும் என் சீட்டில். இது முதல் விதி. ஆபீசுக்கு வரச் சொன்னால் அன்று நேரில் மட்டுமே முடிகிற வேலையைத்தான் வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. வேளச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவழைத்து, உட்கார வைத்து வீடியோ போட்டுக் காட்டுவதைப் போலக் கோபமூட்டும் விஷயம் வேறில்லை. ஆனால் நிறைய நிறுவனங்களில் ஆபீஸ் நாள் என்பது அப்படித்தான் கழிகிறது.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனுக்குப் போனதும் தேர்வு மதிப்பெண்கள் ஏறின. மேலிடத்தில் சந்தோஷம். பேட்ச்சுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்ததும், அதில் பதில்கள் சுடச்சுட வந்ததும் எனக்குத் தெரியும்; நானும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்பேன். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே பயிற்சியை நான்கு படியில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. எங்கள் தொழிலில் எல்லாரும் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள், முதல் படியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆன்லைன் பாடங்களை நடத்தும் எல்.எம்.எஸ். மென்பொருள் வந்த பிறகு அதிலும் கீழே ஒரு படி சேர்ந்தது: கடைசி ஸ்லைடு வரை க்ளிக் செய்தாரா. பச்சை டிக் விழுந்தால் பயிற்சி முடிந்தது. நான் எழுத்துத் தேர்வைக் கைவிட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு டினையலைச் சொல்லி, ரெப்பாக நானே பேசி, எட்டு நிமிடம் கால் நடத்தச் சொல்கிறேன். எட்டு நிமிடத்தில் யாராலும் வாட்ஸ்அப் பார்க்க முடியாது. பார்த்தால் குரலில் தெரிந்துவிடும்.

எங்கள் பேட்ச் இப்போது நடக்கும் விதம் இது. முதல் சில நாட்கள் எல்லாரும் ஆபீசில், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளவும் சிஸ்டம் வாங்கவும் ஃப்ளோரைச் சுற்றிப் பார்க்கவும். நடுப்பகுதி வீட்டில், ஷீட்டோடும் வீடியோவோடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஊரே தண்ணீரில் நின்றபோது நடுப்பகுதியில் இருந்த பேட்ச், கரன்ட் இருந்த வீடுகளிலிருந்து தொடர்ந்தது, அதை மறுப்பதற்கில்லை. உண்மையான முதல் கால்களுக்கு எல்லாரும் மறுபடி ஆபீஸ், சீனியருக்குப் பக்கத்து நாற்காலி, ஒய் கார்டு. சீனியருக்கு அந்த வாரம் டார்கெட் குறைவு.

வருடா வருடம் பட்ஜெட் பேசும்போது இந்தக் கடைசி வரியைத்தான் முதலில் வெட்டப் பார்க்கிறார்கள். லைசென்ஸுக்குப் பணம் இருக்கிறது, புது ஆப்புக்கும் இருக்கிறது. பயிற்சியை ஆன்லைனுக்கு மாற்றும் யோசனையில் இருக்கும் மேனேஜர்கள் யாராவது இதைப் படித்தால், ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஆப் வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன், உங்கள் இடத்தில் புதியவர்களுக்கு உண்மையில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஃப்ளோரில் போய்ப் பாருங்கள். அவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய நேரத்துக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்.